கழுவு தண்ணீர்த் தொட்டி

1954 ஜூன் 3, வியாழன்

காலையில் கக்கூஸ் தொட்டியைக் காலி செய்தேன். மூன்று நாளைக்கு ஒரு தடவை செய்யும் வேலை. ரப்பர் குழாயைக் குழிக்குள் இறக்கி, திருகைத் திறந்து, எல்லாம் ஓடி முடியும்வரை பக்கத்திலேயே குந்தியிருக்க வேண்டும். பாதியில் மூடினால் கட்டியெல்லாம் அடியில் தங்கிவிடும். பிறகு இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி அலசி, இன்னொரு வாளியில் பினாயில் கலந்து உள்ளே விட்டு மூட வேண்டும். வெறுந்தொட்டியாக விட்டால் அன்றைக்கே நாற்றம் வண்டிக்குள் ஏறிவிடும். நாலு வருசமாகச் செய்கிறேன், கைக்கு வழக்கமாகிவிட்டது. முழங்கால்தான் ஒத்துக்கொள்வதில்லை. நாற்பத்துமூன்று வயதுதான் ஆகிறது. குந்தினால் எழும்ப ஒரு பிடிமானம் வேண்டியிருக்கிறது.

உடப்புசல்லாவைப் பக்கத்தில் இந்தத் தோட்டத்துக்கு மிசன் மருந்து பஸ் இப்போதுதான் முதல் தடவையாக வருகிறது. லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் தூரத்தில் நின்று பார்த்தார்கள். லொறிக்கு மேலே வீடு கட்டி வைத்த மாதிரி இருக்கிறது என்றாள் ஒருத்தி. வீடுதான். இரண்டு படுக்கை, மருந்து அலமாரி, கை கழுவ ஒரு பேசின், மூலையில் கதவு போட்ட கக்கூஸ். அடியில் இரண்டு இரும்புத் தொட்டி. ஒன்று கக்கூசுக்கு, மற்றது பேசினில் கழுவி ஊற்றும் தண்ணீருக்கு. மேலே உள்ளதெல்லாம் டொக்டரம்மாவின் பொறுப்பு. அடியில் உள்ளது, நர்ஸ் வேலையோடு சேர்த்து, என் பொறுப்பு.

ஜூன் 6, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. போக நேரமில்லை.

பிள்ளைகளுக்குச் சீதபேதி. வியாழன் மாலை நாலு பேர் வந்தார்கள். இன்றைக்குப் பதினாறு. மிகவும் மோசமான மூன்று பிள்ளைகளைப் பகலில் வண்டிக்குள்ளேயே படுக்க வைத்திருக்கிறோம். என் படுக்கையில் இரண்டு, டொக்டரம்மாவின் படுக்கையில் ஒன்று. துணி மாற்றி மாற்றி, அலசி அலசி, லைசோல் பட்டு விரல் நுனியெல்லாம் வெடித்துவிட்டது. வெளியே கொண்டுபோய் அலசினால் ஓடைக்குப் போய்விடும் என்று டொக்டரம்மா விடவில்லை. எல்லாம் பேசினில்தான். கழுவு தண்ணீர்த் தொட்டி ஒரு நாளைக்கு இரண்டு தடவை நிறைகிறது. இந்தத் தோட்டத்தில் நல்ல ஆழமாகக் குழி வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் புண்ணியத்தில் தப்பித்தேன்.

ஜூன் 8, செவ்வாய்

பதினாறு பேரும் பிழைத்துக்கொண்டார்கள். நாளைக் காலை வட்டவளைப் பக்கம் புறப்படுகிறோம். கக்கூஸ் தொட்டி காலி. மழையில் குழி நிறைந்துவிட்டதால் கழுவு தண்ணீரை இறக்க முடியவில்லை. அது சவர்க்காரத் தண்ணிதானே தங்கச்சி, போற இடத்துல இறக்கிக்கலாம் என்றார் டிரைவர் சூசைரட்ணம். சரி என்றேன். படுத்தால் போதும் என்றிருக்கிறது.

ஜூன் 9, புதன்

மூங்கிமலைத் தோட்டம். வழி நெடுக மழை. சூசைரட்ணம் அண்ணனுக்கு நோட்டன் பிரிட்ஜ் வீட்டிலிருந்து வரும்போதே இருந்த மூச்சிழுப்பு இன்றைக்கு அதிகமாகிவிட்டது. வண்டியைத் தேயிலை ஸ்டோருக்கு மேலே ரோட்டோரம் நிறுத்திவிட்டு, காவல்காரர் அறையில் போய்ப் படுத்துக்கொண்டார்.

குழி வெட்டவில்லை. இரண்டு கிழமைக்கு முன்பே கடிதம் போட்டிருந்தோம். கணக்கப்பிள்ளை சின்னத்தம்பி மரியாதையாகத்தான் பேசினார். மழையில் ரோட்டில் மண் சரிந்து கிடக்கிறதாம், ஆட்கள் எல்லாம் அங்கேயாம். "நாளைக்குக் கட்டாயம் ரெண்டு ஆள் அனுப்புறேங்க."

வண்டி சரிவில் நிற்கிறது. தொட்டி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டதால் உள்ளே இருக்கும் தண்ணீர் பேசின் ஓட்டை வழியாக மேலே வரப் பார்க்கிறது. துணியைத் திணித்து வைத்திருக்கிறேன்.

ஜூன் 10, வியாழன்

ஆள் வரவில்லை.

பன்னிரண்டு மணிக்கு நானே மம்பட்டியை எடுத்துக்கொண்டு போனேன். ஒரு அடி தோண்டினேன், கல். தள்ளித் தோண்டினேன், அங்கும் கல். சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு அரை மணி நேரம். அதற்குள் முழங்கால் போய்விட்டது. கணக்கப்பிள்ளையைத் தேடிப் போனால் தேயிலை மலைக்குப் போய்விட்டார் என்றார்கள்.

மாலை நாலு மணிக்கு ஒரு அம்மாவின் கையில் சீழ்க்கட்டியைக் கீற வேண்டியிருந்தது. டொக்டரம்மா கை கழுவப் போனார். பேசினில் அழுக்குத் தண்ணீர் பாதிக்கு மேல் ஏறி நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபப்படவில்லை. "மார்கிரட், இதை ஒருக்கால் பாரும்" என்று மட்டும் சொன்னார்.

கீழே இறங்கினேன். மழை. ரோட்டோரத்துக் கான் நிறையத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கழுவு தண்ணீர்த் தொட்டியின் குழாயை அந்தக் கானுக்குள் விட்டுத் திறந்துவிட்டேன். பத்து நிமிடத்தில் தொட்டி காலி.

கக்கூஸ் தொட்டியைத் தொடவில்லை. அது நாளைக்கு. இது சவர்க்காரத் தண்ணீர்தானே.

ஜூன் 11, வெள்ளி

இரண்டு ஆள் வந்து குழி வெட்டினார்கள்.

ஜூன் 13, ஞாயிறு

காலையில் இரண்டு பிள்ளைகளைத் தூக்கி வந்தார்கள். வயிற்றோட்டம். மாலையில் இன்னும் மூன்று. ஐந்தும் பணிய லயத்துப் பிள்ளைகள். ஸ்டோருக்குக் கீழே, ஓடைக்குப் பக்கத்தில் இருக்கிற லயம் அது. ஒரு பிள்ளையின் துணியில் இரத்தம்.

ஜூன் 14, திங்கள்

பதினொன்று. எல்லாம் பணிய லயம். மேல் லயத்தில் ஒருவருக்கும் இல்லை.

டொக்டரம்மா தாய்மாரை வரிசையாக நிற்க வைத்து ஏசினார். தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொல்லி எத்தனை தரம் சொல்வது, கை கழுவாமல் சோறு ஊட்டுகிறீர்கள், உங்கள் பிள்ளைகளை நீங்களே கொல்லுகிறீர்கள் என்றார். அவர் யாழ்ப்பாணத்துப் பேச்சில் பேசியது பாதிப் பேருக்கு விளங்கியிருக்காது. ஏச்சு என்பது விளங்கியது. தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள்.

பேச்சியம்மா என்று ஒரு சின்னப் பெண். இருபத்திரண்டு வயது இருக்கும். மகள் நாகலெட்சுமிக்கு ஒன்றரை வயது. வரிசையில் அவள் மட்டும் வாயைத் திறந்தாள். "கொதிக்க வச்சுத்தாங்க குடுக்கிறேன். வெள்ளிக்கெழம ஒரு நாத்தான் வெறகு ஈரமாப் போச்சு." டொக்டரம்மா, அந்த ஒரு நாள் போதும் என்றார்.

அந்த ஒரு நாள்.

ஜூன் 15, செவ்வாய்

மருந்து கொடுக்கப் பணிய லயத்துக்குப் போனேன். எட்டுக் குடும்பத்துக்கு எட்டுக் காம்பரா, ஒரே பீலி. மலையிலிருந்து வரும் தண்ணீர் மூங்கில் குழாய் வழியாகக் கல்லில் விழுகிறது. அதில்தான் குளிப்பதும் துவைப்பதும், குடிக்க எடுப்பதும்.

எதற்காக அந்தத் தண்ணீர் வரும் வழியைப் பார்த்து ஏறினேன் என்று எனக்கே தெரியாது. தெரியாதா? தெரியும். தேயிலைக்குள் கால் வழுக்க வழுக்க ஏறினேன். முப்பது நாற்பது பாகம் ஏறியதும் மூங்கில் புதர். அதற்குப் பின்னால் ரோட்டுக் கான் திரும்பி வந்து ஓடைக்குள் விழுகிறது. அந்தக் கான்தான். நிமிர்ந்து பார்த்தால் மேலே வண்டியின் பின்பக்கம் தெரிந்தது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆண்டவரே, அந்தப் பதினாறு பிள்ளைகளின் துணி அலசின தண்ணி. நான் இங்கே கொண்டாந்து ஊத்திட்டேன். என் கையால ஊத்திட்டேன்.

ஜூன் 16, புதன்

நாகலெட்சுமி போய்விட்டாள். நேற்று மாலையே கண் உள்ளே போய்விட்டது. தோலை இழுத்தால் இழுத்தபடியே நின்றது. இன்று காலை தோட்டத்து லொறியில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். தாய் மடியில் வைத்திருந்தாள். அரை மணியில் லொறி திரும்பி வந்துவிட்டது.

மற்றப் பிள்ளைகள் தேறி வருகிறார்கள்.

நான் ஒருத்தரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

பீலித் தண்ணீரை எடுக்க வேண்டாம், மேல் லயத்தில் எடுங்கள் என்று மட்டும் நேற்றே எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார்கள். மழைத் தண்ணீர் கலங்கியிருக்கிறது என்றேன்.

ஜூன் 17, வியாழன்

சூசைரட்ணம் அண்ணனிடம் சொன்னேன். காவல்காரர் அறை வாசலில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முழுக்கக் கேட்டார். பிறகு, அந்தத் தண்ணீரை அங்கேயே இறக்காமல் கொண்டுபோகலாம் என்று சொன்னது நான்தானே என்றார். அவர் மேல் பழி போட நான் போகவில்லை. அதைச் சொன்னேன்.

"சொல்லாதீங்க தங்கச்சி. சொன்னா வண்டிய நிப்பாட்டிருவாங்க. நெனச்சுப் பாருங்க, இந்த வண்டி இல்லாட்டி உடப்புசல்லாவையில அந்தப் பதினாறும் என்ன ஆயிருக்கும்?"

அது பொய்யில்லை. நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நாலு வருசத்தில் இந்த வண்டியில் எத்தனை பிள்ளைகள் பிழைத்திருக்கும். ஒரு பக்கம் அவ்வளவு பேர். மறுபக்கம் நாகலெட்சுமி ஒருத்தி. இப்படிக் கணக்குப் பார்க்கத் தொடங்கினால் எனக்கு வசதியான விடைதான் வரும் என்றும் தெரிந்தது.

ஜூன் 18, வெள்ளி

பணிய லயத்துக்கு மருந்தோடு போனேன். பேச்சியம்மா காம்பராவுக்கு வெளியே, மழைச்சாரலில், சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உள்ளே போகச் சொன்னேன். தலையை ஆட்டி மறுத்தாள். பக்கத்துக் காம்பரா அம்மாதான் சொன்னார். புருசன் பழனியாண்டி அவளை உள்ளே விடுவதில்லையாம். பச்சைத் தண்ணீரைக் கொடுத்துப் பிள்ளையைக் கொன்றவள் கையால் சோறு வேண்டாம் என்கிறானாம். டொக்டரம்மாவே சொல்லிவிட்டார்களே என்கிறானாம்.

அவள் என்னைப் பார்த்து ஒன்றுதான் கேட்டாள். "அந்த ஒரு நாள்தானாங்க மிஸ்ஸியம்மா?"

மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். ஆமா, ஓடித்தான் வந்தேன். சீ. என்ன பொம்பள நான்?

ஜூன் 19, சனி

டொக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

நோயாளிகள் போன பிறகு, ஊசிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே முதலிலிருந்து சொன்னேன். குழி நிறைந்தது, தொட்டியோடு வந்தது, மூன்று நாள் கழித்து நோய் வந்தது, கான் போய்ச் சேரும் இடம். அவர் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தார். இரண்டு தோட்டத்துக்கும் இடையில் ஐம்பது மைல் இருக்க அதே நோய் இங்கே எப்படி வந்தது என்று மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருந்தாராம்.

"நீர் ஏன் அண்டைக்கே எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் அவரே பேசினார். "அந்தத் தண்ணி எங்க போகுதெண்டு நாலு வருசமா நானும் ஒருநாளும் கேட்கேல்லை. கை கழுவினா எனக்குச் சரி." பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். தாய்மாரை ஏசினது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். எனக்கு அப்படித்தான் பட்டது.

மிசனுக்கும் தோட்டத்துத் துரைக்கும் எழுதத்தான் வேண்டும் என்றார். எழுதுங்கள், அதற்கு முன்னால் நான் லயத்தில் போய்ச் சொல்ல வேண்டும் என்றேன். தானும் வருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். வந்தார்.

ஜூன் 20, ஞாயிறு

வேலை இல்லாத நாள். எல்லாரும் லயத்தில் இருந்தார்கள். பீலிக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன். தண்ணீர் கலங்கியிருக்கிறது என்று நான் சொன்னது பொய். உங்கள் பிள்ளைகளுக்கு வந்த நோய் எங்கள் வண்டியிலிருந்து வந்தது. வேறு தோட்டத்துப் பிள்ளைகளின் அழுக்குத் துணி அலசிய தண்ணீரை நான்தான் மேலே கானில் திறந்துவிட்டேன். அது ஓடை வழியாக இந்தப் பீலிக்கு வந்தது. நீங்கள் சுத்தமில்லாததால் வந்த நோய் இல்லை.

ஒரு அம்மா என் காலடியில் காறித் துப்பிவிட்டு உள்ளே போனார். மருந்து குடுக்க வந்தவங்களா நீங்க என்று ஒருவர் கேட்டார். டொக்டரம்மா ஏதோ சொல்ல வந்தார், யாரும் கேட்கவில்லை.

பேச்சியம்மா சுவரோரத்திலிருந்து எழும்பி வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். என் முகத்துக்கு நேரே நின்றாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னேன்.

"எனக்கு இல்ல. அந்தா நிக்கிறாரே, அவரு காதுல விழுற மாதிரி சொல்லுங்க."

பழனியாண்டி காம்பரா வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனைப் பார்த்துச் சொன்னேன். உங்கள் மனைவி ஒரு தப்பும் செய்யவில்லை. அந்தத் தண்ணீரைக் கொண்டுவந்தது நான். இரண்டு தடவை தொடங்க வேண்டியிருந்தது. அவன் எங்களைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே வாசலை விட்டு விலகி நின்றான். பேச்சியம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நாங்கள் ஏறி வந்தோம். டொக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். வழுக்குகிறது என்றார்.

ஜூன் 22, செவ்வாய்

வண்டி உடனே தோட்டத்தை விட்டுப் போக வேண்டும் என்று துரை எழுதி அனுப்பிவிட்டார். குழி வெட்ட ஆள் தராதது பற்றி அதில் ஒன்றும் இல்லை. டொக்டரம்மா தன் கடிதத்தில் அதை எழுதியிருக்கிறார். என் பிழையையும் எழுதியிருக்கிறார், தன் பிழையையும் எழுதியிருக்கிறார். வாசித்துக் காட்டினார். எல்லாம் உண்மை.

போவதற்கு முன் ஓடை நெடுக பிளீச்சிங் பவுடர் போட்டோம். ஒருத்தரும் பக்கத்தில் வரவில்லை.

ஜூலை 9, வெள்ளி

கண்டியில் மிசன் விசாரணை. மூன்று பேர் மேசைக்கு அந்தப் பக்கம். கேட்டதற்குப் பதில் சொன்னேன். அரை மணியில் முடிந்தது.

ஜூலை 16, வெள்ளி

கடிதம் வந்தது. என் சேவை இனித் தேவையில்லை. நாலு வருசச் சேவைக்கு நன்றி என்று கடைசி வரியில் இருந்தது.

றொசல்லையில் தங்கச்சி சிசிலியின் காம்பராவுக்கு வந்துவிட்டேன். அவள் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கொழுந்தெடுக்கப் போய்விட்டாள். பகல் முழுக்கத் தூங்கினேன்.

ஆகஸ்ட் 2, திங்கள்

ஒன்றும் எழுத இல்லை. மழை.

நவம்பர் 14, ஞாயிறு

இரண்டு மாதமாகப் பிள்ளைக்காம்பராவில் வேலை. தாய்மார் மலைக்குப் போனால் மாலைவரை அவர்களுடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இருபத்தொரு பிள்ளைகள். வேலைக்குச் சேரும்போதே நான் என்ன செய்தேன் என்று பெரிய கங்காணியிடம் சொன்னேன். அவருக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது. இந்த மலைகளில் ஒரு செய்தி போகாத லயம் இருக்கிறதா?

டொக்டரம்மா எழுதியிருக்கிறார். வண்டி மறுபடியும் ஓடுகிறதாம். குழியைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் தோட்டத்துக்குள் வண்டியை விடுகிறாராம். சூசைரட்ணம் அண்ணன் இழுப்போடு அதே சீட்டில்தான். எனக்குப் பதிலாக வந்த பெண் நல்லவள், ஆனால் தொட்டியைத் திறக்க மூக்கைப் பொத்துகிறாள் என்று எழுதியிருக்கிறார். பதில் போட வேண்டும். இன்னும் போடவில்லை.

1955 ஜனவரி 19, புதன்

ஒரு பிள்ளைக்கு வயிற்றோட்டம். துணியை மூன்று தடவை கொதிக்க வைத்தேன். பல் முளைக்கிற பிள்ளை, நாளைக்கே சரியாகிவிட்டது. இனி எந்தப் பிள்ளைக்கு வயிறு கழிந்தாலும் இப்படித்தான் இருக்குமா?

*அடுத்த நாள் சேர்த்தது:* பாருங்கள், "நாளைக்கே சரியாகிவிட்டது" என்று நேற்றே எழுதியிருக்கிறேன். அப்படி ஆக வேண்டும் என்று நினைத்து எழுதியிருக்கிறேன். சரியாகித்தான் விட்டது.

மே 8, ஞாயிறு

சிசிலிக்குச் சேலை எடுக்க அட்டனுக்குப் போனேன். பஸ் நிற்கும் இடத்தில் பேச்சியம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்ப்பதற்கு முன்பே நான் திரும்பி நடக்கத் தொடங்கினேன். மறைக்க வேண்டாம், அப்படித்தான் செய்தேன்.

"மிஸ்ஸியம்மா" என்று கூப்பிட்டாள்.

நின்றேன். வயிறு தள்ளியிருந்தது. பழனியாண்டி குடையும் சாமான் பையுமாக ஒரு அடி பின்னால் நின்றான். கடைப் படியில் உட்கார்ந்து செருப்பில்லாத வலது காலை என் முன்னால் நீட்டினாள்.

"ஏழு மாசம். கால் இப்படி வீங்குது. வீங்கத்தான் செய்யும்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்க பாருங்க."

அந்தப் படியில் உட்கார்ந்து அவள் காலை மடியில் தூக்கி வைத்தேன். கணுக்காலில் விரலால் அழுத்தினேன். பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. தலைவலி இருக்கிறதா என்றேன். மூன்று நாளாக என்றாள். கண் மங்குகிறதா என்றேன். சில நேரம் என்றாள். இரண்டு பேரிடமும் சொன்னேன், இது சும்மா வீக்கம் இல்லை, வீட்டுக்குப் போக வேண்டாம், இப்படியே டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று. நாளைக்கு வேலைக்குப் பேர் போட வேண்டுமே என்று அவள் இழுத்தாள். பேர் கிடக்குது, வா என்றான் பழனியாண்டி.

ஆஸ்பத்திரியில் காட்ட ஒரு சீட்டு எழுதினேன். ஏழு மாதம், இரண்டாவது பிரசவம், கால் வீக்கம், தலைவலி, கண் மங்கல். மடித்துக் கொடுத்தேன். அவள் விரித்துப் பார்த்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

"உங்க பேரு எதுங்க இதுல?"

"போடல. நான் இப்ப வண்டியில இல்லம்மா. என் பேருக்கு அங்க ஒரு மதிப்பும் இல்ல."

"பரவாயில்ல. போடுங்க."

அவள் முதுகில் காகிதத்தை வைத்து மார்கிரட் மரியரட்ணம் என்று எழுதினேன். முந்தானையில் முடிந்துகொண்டாள். டிக்கோயா பஸ் மூன்றேகாலுக்குப் புறப்பட்டது. பழனியாண்டி ஓடிப்போய் ஜன்னலோரம் அவளுக்கு இடம் பிடித்திருந்தான்.